டப் இசையில் ஒலியடக்கம்: கிங் டபியின் கலவை முறை

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1960களின் இறுதியில், இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதே பாடலைப் பாடகரின் குரல் நீக்கி வெளியிடும் 'வெர்ஷன்' என்னும் வழக்கம் பரவியது. வானொலிப் பழுதுநீக்கத்தில் தேர்ந்திருந்த கிங் டபி (இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக், 1941–1989), 1970களில் அந்த நீக்கத்தையே ஒரு கலையாக வளர்த்தெடுத்தார். பிறர் வாசித்தும் பாடியும் பதிவுசெய்த நான்குதட நாடாக்களே அவருடைய மூலப்பொருள்.

டப் கலவையில் ஒரு தடத்தின் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக இறுதிப் பதிவுக்குச் செல்கிறது. மற்றது நாடா எதிரொலிக் கருவி போன்றவற்றின் வழியே சுற்றிவந்து அதனுடன் கலக்கிறது. இவ்விரண்டும் பக்க இணைப்பில் அமைவதே இங்குக் கருதத்தக்கது. தொடரிணைப்பின் இறுதியில் ஒலியை அடக்கினால் குரலும் எதிரொலியும் ஒருங்கே மறையும். பக்க இணைப்பில் நேர்க்கிளையை மட்டும் அடக்க இயலும். அப்போது குரல் நின்ற பின்னும் அதன் கடைச்சொல் எதிரொலித்துத் தேய்ந்தடங்கும். எதனை, எந்தக் கணத்தில், எந்தக் கிளையில் அடக்குவது என்பது கலவையாளரின் தெரிவாகிறது.

இத்தெரிவு ஆக்குநர் யார் என்னும் வினாவை எழுப்புகிறது. 1976இல் வெளிவந்த அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டபீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' தொகுப்பின் தலைப்பிலேயே கலவையாளரின் பெயர் இடம்பெற்றது. பாடியவரையும் இசைத்தவரையும் மட்டும் பதிவுசெய்யும் இசை வரலாறு, ஒலியை அடக்கியவரின் ஆக்கத்தைத் தவறவிடும். டப் இசையின் வரலாற்றைக் கலவை மேசையிலிருந்தும் எழுத வேண்டியுள்ளது.