மலைமுகட்டில் ஒரு கோடு



யோசுவாவின் புத்தகத்தில் 22ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்பவர் சிலரே. எரிகோவின் மதில் விழுந்த கதையை அறிவோம். யோசுவாவின் இறுதி உரையையும் அறிவோம். இடையே இந்த அதிகாரம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்குக் கிழக்கே நிலம் பெற்றவர்கள். மேற்கே தங்கள் சகோதரருக்காகப் போரிட்டு முடித்து வீடு திரும்பும் வழியில், ஆற்றோரத்தில் ஒரு பெரிய பீடத்தைக் கட்டுகிறார்கள். செய்தி கேட்ட மற்றக் கோத்திரங்கள் இதைத் துரோகம் என்றெண்ணிச் சீலோவில் போருக்குக் கூடுகின்றன. படை புறப்படுமுன் பினெகாசும் பத்துப் பிரபுக்களும் விசாரிக்கச் செல்கிறார்கள். அங்கே கிடைத்த விடை அவர்கள் எதிர்பாராதது. அது பலியிடுவதற்கான பீடமன்று. யோர்தானை எல்லையாகக் காட்டி, உங்களுக்கு எங்களோடு பங்கில்லை என்று இக்கரைப் பிள்ளைகள் அக்கரைப் பிள்ளைகளிடம் என்றாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமே அதைக் கட்டுவித்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஏத். சாட்சி என்பது பொருள்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு யோர்தான் இருந்த இடத்தில் நமக்கு மலை இருக்கிறது.

விடியுமுன் கம்பத்திலோ கூடலூரிலோ தேவாரத்திலோ போடியிலோ தெருவில் நின்று பாருங்கள். ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் புறப்படுகின்றன. தூக்குவாளியில் சோறு, தலையில் கட்ட ஒரு துணி. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் உழைத்து, பொழுது சாயும்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் எடுத்த ஏலக்காய் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வருகிறது. சோதனைச் சாவடியைக் கடப்பது அவர்களுக்கு வாய்க்காலைத் தாண்டுவது போன்றது. இடையூறு நேராத நாட்களில்.

இந்தக் கோடு 1956இல் புதிதாக வரையப்பட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே மலைமுகட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர் மன்னரின் சீமை; இப்பால் சென்னை மாகாணத்து மதுரை மாவட்டம். எல்லை இருந்ததனால்தான் பெரியாற்று அணைக்கு 1886இல் ஒப்பந்தம் தேவைப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை, 999 ஆண்டுக் காலம். பென்னிகுயிக் கட்டிய அந்த அணையின் நீர் 1895இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. ஆனால் அந்நாளில் அந்தக் கோடு அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. கூலிக்கு மலையேறிய குடியானவனை, நீ எந்த மொழிக்காரன் என்று அது கேட்கவில்லை.

ஏறியவர்கள் ஏராளம். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பரவிய காலத்தில், மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துச் சென்றார்கள். போடியிலிருந்து குரங்கணி, அங்கிருந்து செங்குத்தான ஏற்றத்தில் டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கிய அதே சரிவில் மனிதர்கள் கால்நடையாக ஏறினார்கள். மேலே அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. அங்கே பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகள் பிறந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழோசை நிலைபெற்றது இவ்வாறே.

நாடு விடுதலை பெற்று, மொழிவழி மாநிலம் என்ற கோரிக்கை எழுந்தபோது இம்மக்கள் கணக்கில் வந்தார்கள். மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களோடு தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேட்டது. 1954இல் தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி அங்கே கைதானார். அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சென்னையில் ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும் குரல் எழுப்பியது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றையும் செங்கோட்டையையும் சென்னையோடு சேர்க்கலாம். மலை வட்டங்கள் இரண்டும் மேற்கிலேயே இருக்கட்டும் என்பது அதன் பரிந்துரை.

காரணங்கள் பல சொல்லப்பட்டன. பொருளாதாரமும் அதில் உண்டு. அவற்றுள் ஒன்று என் மனத்தில் முள்ளாய்த் தைக்கிறது. தோட்டத் தொழிலாளர் வந்து போகிறவர்கள், அவர்களை நிலையான குடிகளாக எண்ணலாகாது என்ற வாதம் அது. மூன்று தலைமுறை அந்த மண்ணில் கொழுந்து பறித்தவர்கள் ‘வந்து போகிறவர்கள்’ ஆனார்கள். நம் வேதாகமம் இத்தகையவரைப் பரதேசி என்ற சொல்லால் அழைக்கிறது. தெருவில் அது வசைச்சொல்லாகிவிட்டது. ஆபிரகாமே தன்னை அவ்வாறு சொல்லிக்கொண்டவன் என்பதை நாம் மறந்துபோனோம்.

1956 நவம்பர் 1 வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்தில் கோடு நகர்ந்தது. குமுளியிலும் போடிமெட்டிலும் அது பழைய முகட்டிலேயே நின்றது. ஆயினும் அதன் பொருள் அன்று மாறிவிட்டது. அதுவரை மன்னருடைய எல்லையாக இருந்தது, அன்றுமுதல் மொழியின் எல்லையாயிற்று. மேலே இருந்த தமிழர் ஓரடியும் எடுத்து வைக்காமல் சிறுபான்மையினர் ஆனார்கள். அதற்குச் சில காலம் முன்பே திருவிதாங்கூர்–கொச்சி அரசு மலைப்பகுதியில் மலையாளக் குடும்பங்களை நிலங்கொடுத்துக் குடியேற்றத் தொடங்கியிருந்தது. அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பசிக்குத் தப்பி, காட்டு யானைக்கும் மலைக்காய்ச்சலுக்கும் நடுவே கப்பை நட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். இரண்டு ஏழைச் சனங்கள் ஒரு மலையில் எதிரெதிரே நிறுத்தப்பட்டதுதான் நடந்தது.

கோடு இறுகிய காலத்திலேயே அதைத் தாண்டிய பாட்டும் இருந்தது. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் மலையாளி, சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்காகத் தோட்டந்தோட்டமாகத் தமிழில் பாடியவர் நம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். பின்னாளில் இளையராஜா என உலகறிந்த அவருடைய தம்பி, சிறுவனாக அண்ணனோடு அந்த மேடைகளில் பாடினார். எல்லைப் போராட்டத்தின் சூடு ஆறி இரண்டாண்டுகூட ஆகவில்லை. கூலியும் வீடும் பேச்சாக இருந்த இடத்தில், வேட்பாளர் எந்த மொழியில் பேசுகிறார் என்பது பின்னுக்குப் போயிருக்கிறது. ரோசம்மா வென்றார்.

எனினும் சொந்தம் என்பது தேர்தல் மேடையில் முடிகிற காரியமன்று. ஆபிரகாமுக்குக் கானானில் முதன்முதலாகச் சொந்தமான நிலம், சாராளைப் புதைக்க விலைகொடுத்து வாங்கிய கல்லறை நிலம். மூணாறு மலையிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. 1894 டிசம்பரில் வாந்திபேதியால் இறந்த எலினோர் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண்ணைக் கணவர் ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தின் அடிவாரத்தில் கற்கோயில் எழுந்தது 1910ஐ ஒட்டியே. அவளுக்காவது பெயர் பொறித்த கல் உண்டு. தேயிலைக்குள் புதைந்த தமிழ்க் கூலிகள் பலருக்கு அதுவும் இல்லை. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்து எங்கே போவது? பாட்டன் புறப்பட்ட ஊரில் வீடும் இல்லை, அறிந்த முகமும் இல்லை. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் என்று அனுப்பப்பட்டவர்களுள் சிலர், வண்டிப்பெரியாறுக்கு அப்பால் கவி என்னும் காட்டில் கேரளத்து ஏலத்தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். கண்டிராத தாயகத்தில் இறங்கி, மறுபடியும் வேற்றுமொழி மாநிலத்தின் தோட்டக்காட்டில்!

2011 டிசம்பரை நான் எழுத விரும்பவில்லை. எழுதாமல் கடக்கவும் இயலவில்லை. அணையின் பாதுகாப்பு குறித்த அச்சம் அந்தப் பக்கம். நீர் போய்விடுமோ என்ற அச்சம் இந்தப் பக்கம். இரண்டு அச்சங்களும் பொய்யல்ல. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதிலிருந்து நம் உழவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது; 142 அடி என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியும் அது தீரவில்லை. பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள். மேலே தோட்டத் தமிழர் மிரட்டப்பட்டு, காட்டுப் பாதைகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்கு நாம் சோறு போட்டதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே நாட்களில் கம்பத்திலும் தேனியிலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதைச் சொல்வதில்லை. பல ஆண்டு நம் தெருவில் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர் ஓர் இரவில் அந்நியரானார். வண்டியின் எண்பலகையில் கேஎல் 06 என்று இருந்தால் கல். மேலே டிஎன் 60 என்று இருந்தால் கல்.

யோர்தான் கதைக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் அதே ஆற்றின் துறைகளை அக்கரையார் மறித்து நிற்கிறார்கள். கடக்க வருகிறவனை ஒரு சொல்லைச் சொல்லச் சொல்கிறார்கள். ஷிபோலேத் என்று சரியாக உச்சரிக்காத எப்பிராயீமியன் அங்கேயே வெட்டுண்டான். சாட்சியின் பீடத்தைக் கட்டியவர்களின் சந்ததியும், அதைக் கேட்டு ஆறுதலடைந்தவர்களின் சந்ததியும்தான் அந்தத் துறையில் நின்றவர்கள். ஏத் என்னும் அந்தப் பீடத்தைப் பற்றி வேதாகமம் பிறகு எங்கும் பேசுவதில்லை.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடியை மீண்டும் உறுதிசெய்தது. தண்ணீர்க் கணக்கு நீதிமன்றத்தில் ஓரளவு தெளிந்தது. மனிதக் கணக்கு இன்னொரு வழக்காக வந்தது. 2021இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற அ. ராஜா, கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவர் அத்தொகுதிக்குரிய பட்டியல் சாதியினர் அல்லர், கிறிஸ்தவர் என்று வழக்கு எழுந்தது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவருடைய வெற்றி செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வெற்றியை உறுதிசெய்தது. தீர்ப்பை ஆராய்வது என் வேலையன்று. அவ்வழக்கில் எழுந்த இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. குடும்பத்தின் முன்னோர் 1950க்கு முன்பே மலையேறினார்களா என்பது ஒன்று. தோட்டத்துச் சபையின் பதிவேடு என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. ஆகவே ஒருவரைச் சபையில் சேர்த்ததற்காக நாம் எழுதிவைக்கும் வரி, வேறோரிடத்தில் அவரை விலக்குவதற்கான சான்றாகக் கையில் எடுக்கப்படலாம். நம் திருமண்டலங்களின் எல்லையும் ஏறக்குறைய அதே மலைமுகட்டில்தான் ஓடுகிறது. அதை யாரும் நம்மிடம் வரைந்து தரவில்லை, நாமே எடுத்துக்கொண்டோம்.

சென்ற மாதம் ஒரு ஞானஸ்நானம். தகப்பன் மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர், தாய்க்குக் கோம்பை. குழந்தை பிறந்தது கட்டப்பனையில். ஆராதனைக்குப் பின் பதிவேட்டைத் திறந்து, “ஊர் எதுன்னு எழுதட்டும், தம்பி?” என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார்; மனைவி மாமியாரைப் பார்த்தார். “நீங்களே பார்த்து எழுதுங்க ஐயா” என்றார் அந்தப் பாட்டி. கட்டம் சிறியது. எழுத்தை நெருக்கி இரண்டு ஊரையும் எழுதினேன்.