ஒரு தகட்டில் எட்டுப் படங்கள்: விரைவு உருவப்படத் தொழில் வளர்ந்த வரலாறு

வருபவரைச் சில நிமிடங்களே உட்காரவைத்து, தொழிலுக்கும் அலுவலுக்கும் பயன்படும் முகப்படத்தைச் சீரான தரத்தில் எடுத்துத் தரும் தொழில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசிலும் லண்டனிலும் உருப்பெற்றது. லென்சும் ரசாயனமும் அதற்கு வழி திறந்தன. ஆனால் அதை நிலைக்கவைத்தது வேலையைப் பகுத்து அடுக்கிய முறை. படம் எடுத்துக்கொள்பவரின் நேரத்திலிருந்து ஒவ்வொரு வேலையாக வெளியே எடுத்து, அவர் வருவதற்கு முன்போ போன பின்போ செய்துமுடிப்பதே அந்த முறையின் சாரம்.

லூயி தாகேரின் படமுறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிய நல்ல வெயிலிலும் பல நிமிடங்கள் பிடித்தன. கட்டடங்களுக்கு அது போதும். கண்சிமிட்டும் மனித முகத்துக்குப் போதாது. 1840இல் இரண்டு முன்னேற்றங்கள் இந்தத் தடையை உடைத்தன. வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸ், முந்தைய லென்சுகளைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. லண்டனில் ஜான் கோடார்ட் தகட்டின் மீது புரோமின் ஆவியையும் செலுத்தி அதன் ஒளியுணர்வைக் கூட்டினார். ஆடாமல் இருக்கவேண்டிய நேரம் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.

1840இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் வுல்கட் உருவப்பட நிலையம் திறந்தார். 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்ட் லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் மேல்தளத்தில் தம் நிலையத்தைத் தொடங்கினார். அதன் கூரைக்கு நீலக் கண்ணாடி பதித்திருந்தார்கள். தகடு நீல ஒளிக்கே மிகுதியாக இசைந்ததால், வேகம் அதிகம் குறையாமல் உட்காருபவரின் கண்கூச்சம் மட்டும் தணிந்தது. தலை அசையாதிருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி நின்றது. ஆனாலும் ஓர் அமர்வுக்கு ஒரே தகடு, ஒரே படம். அதிலிருந்து நேரடியாகப் பிரதி அச்சிட வழியில்லை.

1850இல் பிரான்சில் பிளாங்கார்-எவ்ரார் முட்டை வெள்ளைக்கரு பூசிய அச்சுத்தாளை அறிமுகம் செய்தார். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். ஒரு கண்ணாடி நெகட்டிவிலிருந்து கூர்மையான பிரதிகளை எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலை பிறந்தது. ஆனால் தகட்டில் கரைசலைப் பூசி, படமெடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியாக வேண்டும். அதனால் இருட்டறை படமெடுக்கும் கூடத்தை ஒட்டியே இருந்தது. தகடு தயாரிப்பவரும் படமெடுப்பவரும் நேரம் ஒத்து இயங்கவேண்டியிருந்தது. ஒரு படத்துக்கு ஒரு பெரிய தகடு செலவானதால் விலையும் இறங்கவில்லை.

இந்தக் கணக்கை மாற்றியவர் ஆந்த்ரே திஸ்தேரி. ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதிக்கும் முறைக்கு அவர் 1854 நவம்பரில் பாரிசில் காப்புரிமை பெற்றார். வழக்கத்துக்கு வந்த கேமராவில் நான்கு லென்சுகள் இருந்தன. தகட்டுச் சட்டம் பக்கவாட்டில் நகரும். முதலில் ஒரு பாதியில் நான்கு படங்கள். சட்டத்தை நகர்த்தினால் மறுபாதியில் இன்னும் நான்கு. லென்சுகளை ஒன்றாகத் திறந்தால் ஒரே தோற்றம். தனித்தனியாகத் திறந்தால் வெவ்வேறு தோற்றங்கள். எட்டுப் படங்களுக்கும் பூச்சு ஒருமுறை, கழுவல் ஒருமுறை, அச்சு ஒருமுறை. தாளை எட்டாக வெட்டி, ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள அட்டைகளில் ஒட்டினார்கள். சந்திக்கப் போகும்போது கொடுக்கும் பெயரட்டையின் அளவு அது என்பதால், கார்ட் தெ விசிட் என்று அழைக்கப்பட்டது.

படமெடுப்பவர் எல்லா வேலையையும் தாமே செய்யும் வழக்கமும் இத்துடன் மறையத் தொடங்கியது. பெரிய ஸ்டூடியோக்களில் வரவேற்பு, தகடு தயாரிப்பு, படப்பிடிப்பு, அச்சிடல், திருத்தம், ஒட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் இருந்தார்கள். பின்திரை, தூண், மேசை, நாற்காலி எல்லாம் முன்னரே இடம் பிடித்திருந்தன. வாடிக்கையாளரின் பங்கு உட்காருவது மட்டுமே. மீதி அனைத்தும் அவர் பார்வைக்கு அப்பால் நடந்தன. திஸ்தேரி வெறும் எண்ணிக்கையை மட்டும் நாடியவர் அல்லர். புகைப்படக் கலை பற்றி 1862இல் அவர் எழுதிய நூல், தெளிவும் ஒளிநிழல் சமநிலையும் இயல்பான உடலளவும் நல்ல படத்துக்கு இன்றியமையாதவை என்று வற்புறுத்தியது.

இந்த வேலைப் பகுப்பில் பதிவேட்டுக்கு இருந்த பங்கை லண்டனில் கமீல் சில்வி நடத்திய ஸ்டூடியோ காட்டுகிறது. 1859 முதல் 1868 வரை இயங்கிய அது, ஒவ்வொரு அமர்வுக்கும் வரிசை எண் கொடுத்து, படத்தின் ஒரு பிரதியை நாட்குறிப்பேட்டில் ஒட்டி, பெயரையும் எழுதிவைத்தது. சுமார் 17,000 அமர்வுகளின் பதிவு இன்று லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. கூடுதல் பிரதி கேட்டு வருபவர் மறுபடி உட்காரவேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் நெகட்டிவ் கைக்கு வந்துவிடும்.

நடிகர், அரசியல்வாதி எனப் பொதுவாழ்வில் இருந்தவர்களுக்கு இந்த அட்டை அறிமுகச் சீட்டாகவே ஆனது. 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் மாத்யூ பிரேடி எடுத்த ஆபிரகாம் லிங்கனின் படம், அவ்வாண்டுத் தேர்தல் காலத்தில் அட்டைகளாகவும் பத்திரிகைச் சித்திரங்களாகவும் பரவியது. அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டதால், கைமாறிய ஒவ்வொரு படமும் கடைக்கு விளம்பரமாயிற்று. ஆனால் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறை என்பதால் போட்டி பெருகியது. 1860களின் பிற்பகுதியில் மோகமும் தணிந்தது. பெருஞ்செல்வம் ஈட்டிய திஸ்தேரி 1889இல் வறுமையில் இறந்தார்.

அடுத்த வேகம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் 1871இல் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் விற்பனைச் சரக்கானது. தகடு பூசும் வேலை ஸ்டூடியோவை விட்டே வெளியேறியது. கழுவுவதையும் மாலைக்குத் தள்ளிவைக்க முடிந்தது. 1877இல் ஹென்ரி வான் டெர் வெய்ட் லண்டனில் மின்விளக்கால் படமெடுக்கத் தொடங்கியதும் மேகமும் மாலையிருட்டும் தடையாக இல்லாமற்போயின.

உருவப்படம் அடையாளச் சான்றாக மாறியபோது விரைவோடு சீர்மையும் கட்டாயமாயிற்று. 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் கடைக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் படம் ஒட்டிய அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். முதல் உலகப்போர் தொடங்கியதும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடவுச்சீட்டில் படத்தைக் கட்டாயமாக்கின. தூணும் திரைச்சீலையும் தேவையற்றுப் போயின. வெறும் பின்னணியும் நேர்முகமும் போதும் என்றாயிற்று.

படமெடுப்பவரே இல்லாத அமர்வை 1925இல் அனடோல் யோசெஃபோ நியூயார்க் பிராட்வேயில் நடத்திக்காட்டினார். அவருடைய ஃபோட்டோமேட்டன் கூண்டில் 25 சென்ட் போட்டால் சுமார் எட்டு நிமிடங்களில் எட்டுப் படங்கள் கிடைத்தன. முதல் ஆறு மாதங்களில் 2,80,000 பேர் அதைப் பயன்படுத்தினர். 1927இல் அதன் உரிமை பத்து லட்சம் டாலருக்கு விலைபோனது. 1948இல் விற்பனைக்கு வந்த எட்வின் லேண்டின் போலராய்டு கேமரா இருட்டறையையே படத்தாளுக்குள் அடக்கியது. பின்னர் கடவுச்சீட்டுப் படக் கடைகளுக்காக வந்த போலராய்டு கேமராக்களில் நான்கு லென்சுகள் மீண்டும் இடம்பெற்றன. ஒரு சொடுக்கில் ஒரே தாளில் நான்கு படங்கள்.

இந்தியாவில் இந்த விரைவுப் படமுறை மிகப் பெரிய அளவில் தேவைப்பட்டது, தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் இருந்தபோது 1993இல் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை அறிவிக்கப்பட்ட பிறகுதான். ஊர் ஊராக வாக்காளர்களைக் குறித்த இடத்துக்கு வரவழைத்து, வரிசையில் படமெடுத்து, பட்டியலிலுள்ள பெயரோடு பொருத்தவேண்டியிருந்தது. அங்கே கேமராவின் வேகத்தைவிடப் பெயரும் முகமும் மாறிவிடாமல் காக்கும் பதிவுமுறையே முக்கியமாயிற்று.

இன்று நிறுவனங்களில் ஒரே நாளில் ஊழியர் அனைவரையும் படமெடுக்கும் ஏற்பாடு இந்த வரலாற்றின் விளைவு. மின்னணு ஃபிளாஷ் ஒரே நிலையில் பூட்டப்படுகிறது. நிற்கவேண்டிய இடம் தரையில் நாடா ஒட்டிக் குறிக்கப்படுகிறது. பெயர்ப் பட்டியலின் வரிசைப்படி கோப்புக்கு எண் இடப்படுகிறது. கணினித் திரையில் படம் அங்கேயே தேர்வாகிறது. திருத்த வேலை பின்னால் நடக்கிறது. ஆயத்தம் முன்கூட்டியே முடிந்திருப்பதால், எதிரே நிற்பவரின் கூச்சத்தைப் போக்கவும் முகவாயைச் சற்றுத் திருப்பச் சொல்லவும் படமெடுப்பவருக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்தச் சில நிமிடங்களை முழுவதும் முகத்துக்கே ஒதுக்க முடிவதுதான் விரைவு முறையின் உண்மையான பயன்.