கோட்டைச் சமையலறையில் கிடைத்த டி.என்.ஏ.

டி.என்.ஏ. என்றாலே 1953, வாட்சன், கிரிக், முறுக்கிய ஏணி என்றுதான் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் 84 ஆண்டுகள் முன்னதாகவே அதைக் கையில் வைத்திருந்தார்.

அவர் பிரெடெரிக் மீஷர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்காரர். மருத்துவம் படித்தவர்தான். ஆனால், காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டதால் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தார். ஜெர்மனியின் டூபிங்கன் கோட்டையில் பழைய சமையலறையே அவருக்கு ஆய்வகம். வெள்ளை அணுக்கள் எந்தெந்தப் பொருள்களால் ஆனவை என்று கண்டறிய வேண்டும் என்றார் பேராசிரியர் ஹோப்பே-சைலர்.

அத்தனை வெள்ளை அணுக்களுக்கு எங்கே போவது? பக்கத்து அறுவை மருத்துவமனையில் புண்ணிலிருந்து அவிழ்த்த கட்டுத்துணிகளில் இருந்தன. சீழ் என்பதே பெரும்பாலும் வெள்ளை அணுக்கள்தானே! அழுகத் தொடங்கிய துணிகளை மீஷர் ஒதுக்கினார். மற்றவற்றைச் சோடியம் சல்பேட் கரைசலில் அலசினார். செல்கள் சிதையாமல் அடியில் படிந்தன. அடுத்து, பன்றி இரைப்பையைக் கழுவி எடுத்த பெப்சின் நீரில் அவற்றை ஊறவைத்தார். இரைப்பையில் இறைச்சி செரிப்பதுபோலவே புரதமெல்லாம் கரைய, உட்கருக்கள் மட்டும் சாம்பல் நிறத் தூளாக மிஞ்சின. அந்தத் தூளைக் காரத்தில் கரைத்து அமிலம் சேர்த்தபோது, வெள்ளை வெள்ளையாக ஏதோ திரிந்து வந்தது.

அது புரதம் இல்லை. புரதத்தில் இருக்கும் கந்தகம் அதில் காணோம், பாஸ்பரஸோ ஏராளம். உட்கருவிலிருந்து வந்ததால் நியூக்ளின் என்று பெயரிட்டார். அப்போது 1869; அவருக்கு வயது 24.

ஹோப்பே-சைலர் உடனே நம்பிவிடவில்லை. தாமே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான், 1871-ல், தம் இதழில் வெளியிட்டார். இளைஞருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனாலும் பேராசிரியர் செய்ததே முறை என்பேன்.

ஊர் திரும்பிய மீஷருக்கு ரைன் ஆற்று சால்மன் மீன்கள் கைகொடுத்தன. அவற்றின் விந்தணுத் தலை முழுக்க உட்கருதான். கருவுறுதலுக்கு ஒரே ஒரு பொருள்தான் காரணமென்றால் முதலில் நியூக்ளினைத்தான் நினைக்க வேண்டும் என்று 1874-ல் எழுதினார். அவ்வளவு நெருங்கியும், அப்படி ஒரு தனிப்பொருள் உண்டென்பதை அவர் ஏற்கவில்லை. பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு வரும் வழியைப் பிற்பாடு புரதங்களின் அமைப்பில்தான் தேடினார். காசநோயால் 1895-ல் டாவோஸில் இறந்தார்.

பாரம்பரியப் பண்பைக் கடத்துவது டி.என்.ஏ.தான் என்று நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரி குழு சான்று காட்டியது 1944-ல்.

(தொடரும்)