மோதுகையும் பிளாஸ்மாவின் வெப்பமும்

1928 இல் ஏர்விங் லாங்மியூர் அயனாக்கப்பட்ட வாயுவுக்குப் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். அதனூடு மின்னோட்டம் பாயும்போது இலத்திரன்கள் அயன்களோடு மோதுகின்றன. அம்மோதுகைகளே மின்தடையையும் வெப்பத்தையும் தருகின்றன. ஆயின், 1950களில் லைமன் ஸ்பிற்சரும் உடனாய்வாளரும் செய்த கணிப்பு ஓர் இடர்ப்பாட்டை உணர்த்திற்று. விரைந்து செல்லும் இலத்திரனை அயனின் கவர்ச்சி சிறிதளவே திருப்ப வல்லது. ஆகவே, வெப்பநிலை நான்கு மடங்காகுமிடத்துத் தடை எட்டிலொன்றாகும். சூடேறுந்தோறும் சூடேற்றும் வழி அடைபடும்.

1969 இல் மொஸ்கோவின் ரி-3 தொக்கமாக்கில் பிரித்தானிய அறிஞர் லேசர் கொண்டு அளந்த இலத்திரன் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு கோடி பாகை. கரு இணைவுக்கோ அதனினும் பத்து மடங்கு வேண்டும். மின்னோட்டத்தால் மட்டும் அதனை எய்தல் அரிது. 1978 இல் பிரின்ஸ்ரனில் விரைவுமிக்க நடுநிலை அணுக்கற்றைகளைச் செலுத்தி ஏறத்தாழ ஆறு கோடி பாகை எய்தினர். அக்கற்றைகளின் சத்தியைப் பிளாஸ்மாவிற் சேர்த்ததும் மோதுகையே.