நிலமும் வாக்கும்

நிலம் ஒருவர் கையிலும் வாக்கு வேறொருவர் கையிலும் இருந்தால், சட்டம் யார் பக்கம் நிற்கும்? அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டூனிஸ் கம்பெலின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

1812இல் நியூ ஜேர்சியிற் பிறந்த அவர், உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல், ஜோர்ஜியாவின் கடலோரத் தீவுகளில் விடுதலை பெற்ற அடிமைகளைக் குடியேற்றிப் பயிரிடச் செய்தார். ஜனாதிபதி ஜோன்சனோ அந்நிலங்களைப் பழைய பண்ணை முதலாளிகளுக்கே மீட்டளித்தார். கம்பெல் தளரவில்லை, மக்கின்ரோஷ் மாவட்டத்தில் வேறொரு தோட்டத்தைப் பெற்று உழவர்களைத் திரட்டினார்.

1868இல் மாநில மேற்சபைக்குத் தெரிவானார். நிறத்தைக் காரணங்காட்டி அவ்வாண்டே வெளியேற்றினர். 1870இல் மீண்டும் அமர்ந்தார். 1876இலோ, சமாதான நீதவானாயிருந்தபோது வெள்ளையரொருவரை முறைகேடாகச் சிறையிட்டாரெனக் குற்றஞ்சாட்டி, 63 வயது முதியவரைக் கைதியாக்கிப் பண்ணை முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டது அரசு.

அடிமைமுறையை ஒழித்த அரசியற் திருத்தம், தண்டனை பெற்ற குற்றவாளியை மட்டும் தன் காப்பினின்று விலக்கியிருந்தது. நிலவுடையோர் அச்சிறு வாயிலாலேயே பழைய நுகத்தை மீளக் கொணர்ந்தனர்.