கப்பலுக்குக் காத்திருந்த நாள்களும் நம் முன்னோர் கட்டிய முஸாஃபிர்கானாக்களும்

கோடை விடுமுறையில் ஐரோப்பா சென்று, பார்சிலோனா போன்ற பழம்பெரும் நகரொன்றில் உல்லாசக் கப்பல் ஏறிவரும் வழக்கம் நம் சமுதாயத்தின் வசதியுள்ள குடும்பங்களிடையேயும் தோன்றத் தொடங்கியுள்ளது. பிரான்ஸில் உறவினர்களைப் பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது தொலைதூரக் கனவன்று. அத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாவோரிடம் அனுபவசாலிகள் முதலில் சொல்வது ஒன்றே: கப்பல் புறப்படும் நாளில் போய்ச் சேராதீர்கள், ஓரிரு நாள் முன்னதாகவே சென்று அந்நகரில் தங்குங்கள். விமானம் தாமதித்தால் கப்பல் எவருக்காகவும் காத்திராது. உடனே கேள்விகள் எழுகின்றன. எங்கே தங்குவது? ஹலாலான உணவு கிடைக்குமா? தொழுவதற்கு இடம் உண்டா? கையிலுள்ள பணம் போதுமா?

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கடல் வழியே ஹஜ்ஜுக்குச் சென்ற ஒவ்வொரு தலைமுறையும் ஏதேனும் ஒரு துறைமுக நகரில் நின்று இவற்றைக் கேட்டிருக்கிறது. ஆனால் அக்காலத்தில் விடை தேடும் பொறுப்பு பயணியின் தலையில் மட்டும் சுமத்தப்படவில்லை. அதனைத் தன் பொறுப்பாக ஏற்ற நல்லோர் ஒவ்வொரு துறைமுகத்திலும் இருந்தனர். அந்த வரலாற்றை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிசிலியில் காத்திருந்த ஹாஜி

ஐரோப்பிய நகரொன்றில் கப்பலுக்குக் காத்திருந்த முஸ்லிம் பயணிகளுள் தம் அனுபவத்தை விரிவாக எழுதிவைத்தவர் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள். கிரனாடா ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றிய அவர் 1183-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். செப்தா துறைமுகத்தில் அவர் ஏறியது ஜெனோவாக் கிறித்தவர்களின் கப்பல். அக்காலத்தில் நடுநிலக் கடலின் வணிகக் கப்பல்கள் பெரும்பாலும் இத்தாலிய நகரத்தாரின் கையிலேயே இருந்தன.

ஹஜ்ஜை நிறைவேற்றி, பக்தாதும் திமிஷ்கும் கண்டு, 1184-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அக்கா துறைமுகத்திலிருந்து திரும்பினார். வழியில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. கரை சேர்க்கப் படகோட்டிகள் கட்டணம் கேட்டனர்; கப்பலிலிருந்த ஏழை முஸ்லிம்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அத்தருணத்தில் அங்கிருந்த நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியம் தம் கருவூலத்திலிருந்து அக்கட்டணத்தைச் செலுத்த ஆணையிட்டார் என்று இப்னு ஜுபைர் நன்றியுடன் பதிவு செய்கிறார்.

பின்னர் பலெர்மோ வழியே தீவின் மேற்கு முனையிலுள்ள திராபனி நகரை அடைந்து, அந்தலுஸ் செல்லும் கப்பலுக்காகக் காத்திருந்தார். மன்னர் ஒரு போருக்காகக் கடற்படையைத் திரட்டிக்கொண்டிருந்ததால் கப்பல்கள் புறப்படத் தடை விதிக்கப்பட்டிருந்தது. காத்திருப்பு வாரக்கணக்கில் நீண்டது. ஈகைப் பெருநாளும் அங்கேயே வந்தது. அந்நகர முஸ்லிம்கள் முரசும் கொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குச் சென்றதையும், ஆட்சியிலிருந்த கிறித்தவர்கள் அதற்குத் தடை சொல்லாததையும் அவர் வியப்புடன் எழுதுகிறார். அதே வேளையில், அந்நிய ஆட்சியின்கீழ் அம்மக்கள் பட்ட துயரங்களையும் அவர் மறைக்கவில்லை. 1185-ஆம் ஆண்டு வசந்த காலத்தில்தான் அவர் ஊர் திரும்ப முடிந்தது.

பயணத்தில் தங்கும் நாள்களை வீண் நாள்களாகக் கருதாமல், கண்டறியும் நாள்களாக அவர் ஆக்கிக்கொண்டார். இன்று ஐரோப்பிய நகரொன்றில் இரண்டு நாள் தங்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல முன்மாதிரி.

புதுச்சேரியிலிருந்து பம்பாய்க்கு

நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் படகில் ஏறியே கப்பலை அடைந்தனர். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் சைகோன் போன்ற ஊர்களுக்குப் பிழைப்புத் தேடி இந்தக் கடற்கரையிலிருந்து சென்றவர்களுள் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்களும் இருந்தனர். ஆனால் ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்பியோர் நெடுந்தொலைவு நிலவழியே மேற்குக் கரையை அடைய வேண்டியிருந்தது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் செங்கடலில் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்துப் பெருகியது. 1871-இல் சென்னையையும் பம்பாயையும் இருப்புப்பாதை இணைத்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. அதன் பின்னர் முல்லா வீதியிலிருந்து புறப்படும் ஒருவர் விழுப்புரம், சென்னை, ராய்ச்சூர் வழியாக ரயிலிலேயே பம்பாய் சென்று சேர முடிந்தது.

ஹஜ்ஜுக்குச் செல்பவர் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிக்கொள்வது நம் வழக்கம். கடனை அடைப்பார், கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பார், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார். அன்றைய கடல் பயணத்தில் திரும்பி வருவது உறுதியில்லை என்பதால் அந்த விடைபெறுதல் வெறும் சடங்காக இருக்கவில்லை. இவ்வாறு விடைபெற்றவர் பம்பாய் சேர்ந்ததும் உண்மையான சோதனை தொடங்கியது.

காத்திருப்பின் விலை

கப்பல் என்று புறப்படும் என்பது பயணிக்குத் தெரியாது. போதிய ஆட்கள் சேரும்வரை கப்பல் நிற்கும். சீட்டுத் தரகர்கள் விலையை ஏற்றுவர், இறக்குவர். மொழி தெரியாத தமிழரும் வங்காளியரும் அவர்களிடம் எளிதில் ஏமாந்தனர். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வழிச்செலவுக்கு வைத்திருந்த பணம் கரைந்தது. அம்மை ஊசி, மருத்துவப் பரிசோதனை, அனுமதிச்சீட்டு என்று அலைச்சல் வேறு. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, அதற்கடுத்த ஆண்டு அங்கிருந்து ஹஜ் பயணமே நிறுத்தப்பட்டது.

ஆங்கிலேய அரசு இதனைச் சீர்செய்ய முயன்றது. ஐரோப்பியருக்கு உல்லாசப் பயணம் நடத்திப் பெயர்பெற்ற தாமஸ் குக் நிறுவனத்திடம் 1886-ஆம் ஆண்டு ஹஜ் பயணிகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. விடுமுறைப் பயணியையும் ஏழை ஹாஜியையும் ஒரே கணக்கில் நடத்த இயலாது என்பதற்கு அது ஒரு சான்று. பின்னர் 1932-இல் பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய துறைமுகங்களுக்கு ஹஜ் குழுக்களை அமைக்கச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1959-இல் ஹஜ் கமிட்டிச் சட்டம் இயற்றப்பட்டது.

எனினும், பம்பாய் ரயில் நிலையத்தில் படுக்கையைச் சுமந்து இறங்கிய முதியவருக்கு அன்றிரவு கூரை தந்தவை பெரும்பாலும் வக்ஃபுகளே. கிராஃபோர்டு சந்தைக்கு அருகே, கச்சி மேமன் வணிகர் ஹாஜி முஹம்மது ஸாபூ ஸித்தீக் அவர்களின் பெயரால் எழுந்த முஸாஃபிர்கானா அவற்றுள் புகழ்பெற்றது. பல மாநிலத்தாரும் பல மொழியினரும் அங்கே தங்கித் தொழுது கப்பலுக்குக் காத்திருந்தனர். அவர் மொழி நம் மொழியன்று. அவர் ஊர் நம் ஊரன்று. ஆயினும் தமிழ் ஹாஜியின் இரவு உறக்கத்திற்கு அவர் செல்வம் காவலாயிற்று.

கிழக்குத் துறைமுகங்களில் நம்மவர்

பெற்றுக்கொண்டவர்களாக மட்டும் தமிழ் முஸ்லிம்கள் இருக்கவில்லை. கிழக்குக் கடலின் துறைமுகங்களில் நம்மவர் கொடுப்பவர்களாகவும் வாழ்ந்தனர். பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதிர் முஹிய்யித்தீன் அவர்கள் உருவாக்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் முகமாக விளங்குகிறது. அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள அச்சே வீதி, மலாய் நாட்டு ஹாஜிகள் கப்பலுக்காகக் கூடித் தங்கிய இடம். அதனை இரண்டாம் ஜித்தா என்றே மக்கள் அழைத்தனர். சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிக்கு எதிரேயுள்ள பஸ்ரா வீதியும் ஹாஜிகள் தங்கும் வீடுகளால் பெயர் பெற்றது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்றும் தொழுகையாளர்களை வரவேற்கிறது. அயலூரில் கால் ஊன்றியதும் தனக்கு வீடு கட்டுமுன் அடுத்து வருபவருக்குத் தொழவும் இளைப்பாறவும் ஓரிடம் வேண்டுமென எண்ணிய தலைமுறை அது.

மார்க்கம் காட்டும் கனிவு

இந்த எண்ணத்தின் வேர் மார்க்கத்தில் உள்ளது. ஸகாத் பெறத் தகுதியுள்ள 8 பிரிவினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்பதைச் சூரத்துத் தவ்பாவின் 60-ஆம் வசனம் உணர்த்துகிறது. ஊரில் செல்வந்தராக இருப்பினும், ஆகுமான பயணத்தின் வழியில் கையிருப்பு இழந்து நிற்பவர் இப்பிரிவில் அடங்குவார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாவும் பேரீச்சையும் உலர்திராட்சையும் சேமித்துவைத்த ஓர் இல்லத்தை நிறுவி, வழியில் தவித்தோருக்கும் விருந்தினருக்கும் உதவினார்கள் என்று இப்னு ஸஅத் (ரஹ்) பதிவு செய்கிறார்.

அதே வேளை, பயணிக்கும் கடமை உண்டு. யமன் நாட்டார் சிலர் வழிச்செலவுக்கு எதுவுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, அல்லாஹ்வையே நம்பியுள்ளோம் என்று கூறி, பின்னர் மக்களிடம் கையேந்தினர். அதனையொட்டியே, பயணத்திற்கான பொருளைச் சேகரித்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 197-ஆம் வசனம் அருளப்பெற்றது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இடம்பெற்றுள்ளது. திட்டமிடுதல் தவக்குலுக்கு முரணன்று. ஓரிரு நாள் முன்னதாகச் சென்று சேர்வதும், தங்குமிடத்தை உறுதி செய்வதும், உணவைப் பற்றி விசாரிப்பதும் இதில் அடங்கும்.

ஃபிக்ஹு நூல்கள் காத்திருக்கும் பயணியின் நிலையை எவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்துள்ளன என்பதையும் காண்க. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள்கள் தங்க நாடியவர் தொழுகையைச் சுருக்கக் கூடாது. ஆனால் இன்று முடியும், நாளை முடியும் என்று தன் தேவையை எதிர்பார்த்திருப்பவர் 18 நாள்கள் வரை சுருக்கித் தொழலாம். கடலில் சாதகமான காற்றுக்காகத் தடைபட்டு நிற்பவரையும் இமாம்கள் இந்தச் சட்டத்திலேயே சேர்த்துள்ளனர். ஹனஃபி மத்ஹபில் 15 நாள்கள் தங்கும் உறுதியான எண்ணம் இல்லாதவரை அவர் பயணியே. ஆகவே, கப்பல் புறப்படும் தேதி தெரிந்து ஓரூரில் தங்கும் இன்றைய பயணியும், தேதி தெரியாமல் பம்பாயில் தங்கிய அன்றைய ஹாஜியும் சட்டத்தில் ஒரே நிலையினர் அல்லர். பயணம் புறப்படுமுன் தம் ஊர் ஆலிமிடம் இதனைக் கேட்டுத் தெளிவது நல்லது.

கப்பல் நின்ற பின்

1995-ஆம் ஆண்டுடன் பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. வாரங்களை விழுங்கிய பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. புதுச்சேரி ஹாஜி இன்று சென்னையில் விமானம் ஏறுகிறார். இந்த எளிமைக்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் காத்திருக்கும் பயணி நம் நடுவிலிருந்து மறைந்துவிடவில்லை.

நம் ஊரிலேயே அவரைக் காணலாம். 1823-இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்ற மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்தெல்லாம் ஏழைக் குடும்பங்கள் வருகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு நாள் எப்போது கிடைக்கும் என்று அறியாமல், நோயாளியின் தாயும் மனைவியும் வராந்தாவில் துணி விரித்துப் படுத்திருக்கின்றனர். அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஹாஜியின் கேள்விகளே இவர்களின் கேள்விகளும்: எங்கே தங்குவது, எதை உண்பது, எங்கே தொழுவது, கையிலுள்ள பணம் எத்தனை நாளைக்கு வரும்?

ஒவ்வொரு மஹல்லாவும் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டுமென்பதில்லை. பள்ளிவாசலுக்குரிய ஓர் அறையை வெளியூர்க் குடும்பத்திற்கு ஒதுக்கலாம். பெண்கள் தொழவும் குளிக்கவும் வசதி செய்து, அது எங்கே உள்ளது என்பதை வாயிலில் எழுதிவைக்கலாம். ரமளானில் ஸஹர் உணவை மருத்துவமனை வாசல்வரை கொண்டுசெல்லலாம். வழியில் கையிருப்பு தீர்ந்தவரின் கையில் ஸகாத்தை நேரே கொடுக்கலாம். கட்டடத்திற்கும் பராமரிப்புக்கும் ஸதக்காவையும் வக்ஃபையும் பயன்படுத்தலாம். நோயுற்றவர் எம்மதத்தவராயினும் அவருக்கு ஒருவேளை உணவு தர ஸதக்காவில் தடையில்லை. சிசிலியின் கரையில் ஏழை முஸ்லிம்களுக்குப் படகுக் கூலி தந்தவர் ஒரு கிறித்தவ மன்னர் என்பதை இங்கே எண்ணிப் பார்ப்பது தகும்.

ஐரோப்பா செல்லும் குடும்பங்கள் மகிழ்வுடன் சென்று வரட்டும். ஆகுமான பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. முதல் இரவுக்கு நல்ல விடுதி தேடும்போது, இடமின்றி நிற்கும் ஒரு முஸாஃபிரையும் நினைத்து, அந்த விடுதியின் ஒரு நாள் வாடகையை அவருக்கென ஒதுக்கிவிட்டுப் புறப்படட்டும். அத்தகைய பயணத்தில் பரக்கத் உண்டாகும்.

வழிப்போக்கரின் உரிமையை உணர்ந்து நிறைவேற்றும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.