மலிவுக் காலத்தில் ஒரு வீடு

விலைவாசி இறங்கினால் எல்லோரும் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று தோன்றும். கத்தரிக்காயைப் பொறுத்தவரையில் அது வாஸ்தவம். இன்று வாங்கி இன்றே சமைத்து விடுகிறோம். வீட்டு விஷயம் அப்படி அல்ல. வீட்டைக் கடனோடு வாங்கி, பல வருஷம் குடியிருந்து அடைக்கிறோம். நடுவில் விலைகள் சரிந்தால் என்ன ஆகும்? 1930-களில் திருநெல்வேலிச் சீமை இந்தப் பாடத்தைப் படித்தது.

திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் சாலையில், சிற்றாற்றை ஒட்டி இருக்கிறது கங்கைகொண்டான். பெயர் ராஜேந்திர சோழனின் விருதை நினைவூட்டுகிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் சம்சாரிக்கு ஐசுவரியம் என்பது நெல்லும் பருத்தியுந்தான். 1929-ல் நியூயார்க்கில் பங்கு மார்க்கெட் விழுந்தது. அடுத்த நாலைந்து வருஷத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று.

இந்தச் சீமையில் வீடு பெற மூன்று வழி உண்டு: கிரயம், வாடகை, ஒத்தி. வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியேறுவது ஒத்தி. பணத்துக்கு வட்டி கிடையாது. வீட்டுக்கு வாடகை கிடையாது. கெடு முடிந்தால் பணம் இந்தப் பக்கம் வரும், வீடு அந்தப் பக்கம் போகும். விலைகள் ஒரே நிலையில் நிற்கும் வரையில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது.

கணக்குக்காக, ஒரு கோட்டை நெல் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மகள் கல்யாணத்துக்காக வீட்டை 500 ரூபாய்க்கு ஒத்தி வைக்கிறார். அது 50 கோட்டை நெல்லின் விலை. கெடு முடியும்போது கோட்டை 5 ரூபாய். பத்திரத்தில் அதே 500தான். களத்திலோ 100 கோட்டை அளக்க வேண்டும். விலை பாதியானதற்காக வயல் இரண்டு பங்கு விளையுமா?

ஒத்திக்கு இருப்பவருக்கு அவசரம் இல்லை. இந்தத் தையில் ஆயிரத்துக்குச் சொல்லும் வீடு அடுத்த தையில் எண்ணூறுக்கு வரும் என்றால் யார்தான் கிரயம் முடிப்பார்கள்? மாதச் சம்பளக்காரரும் வாடகையைக் குறைத்துப் பேசிக்கொண்டு காத்திருப்பார். எல்லோரும் காத்திருக்க, விலை இன்னும் இறங்கும். ரொக்கம் உள்ளவருக்குப் பொறுமை லாபம். கடன்காரருக்கு அதே பொறுமை நஷ்டம். 1931-ல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறியதும் நம் பெண்களின் நகைகள் உருகிக் கப்பலேறின. அவற்றில் பல, கடனை அடைக்கப் போனவை.

மாகாணத்து விவசாயக் கடன் சுமார் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் மதிப்பிட்டார்கள். சத்தியநாதன் 1935-ல் கொடுத்த அறிக்கை சுமார் 200 கோடி என்றது. நெல்லால் அளந்தால் சுமை ஏறியது இதைவிட அதிகம். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முந்திய கடன்களுக்கு நிலுவை வட்டி தள்ளுபடியாயிற்று. ஆனால் வட்டி பேசாமல் சுவாதீனம் கொடுத்த அடமானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வட்டியே இல்லாத ஒத்தியில் எந்த வட்டியைத் தள்ளுவது? பாரம் முழுவதும் அசலில் அல்லவா இருந்தது!

பிறகு யுத்தம் வந்தது. நெல் விலை ஏறியது. அதுவரை வீட்டைக் கைவிடாமல் காத்தவர்கள் முன்னைவிடக் குறைந்த நெல்லை விற்றே மீட்க முடிந்தது. இடையில் விற்றவர்களுக்கு அந்த விலையேற்றத்தால் என்ன பயன்?

இன்றும் திருநெல்வேலியில் வீடுகள் ஒத்திக்குக் கிடைக்கின்றன. பாங்கிக் கடனும் கிடைக்கிறது. எதில் கையெழுத்துப் போட்டாலும், வீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், தவணை கட்டப் போகும் தம் வருமானம் நாளைக்கு என்ன விலை போகும் என்று பார்ப்பது நல்லது.